மாமாவுக்கு நான் எழுதிய பதில்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபின் இரண்டு வருடம் நான் வாசல் தாண்டியது மாதா கோயில் ஞாயிறு பூசைக்கு மட்டும்தான். செஞ்சிக் கோட்டைக்குக் கீழேதான் வீடு. எங்கிருந்தோ பஸ் பிடித்து வந்தவர்கள் மலை ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எரிச்சலாக வரும்.

பம்பாயில் ஒரு யூத ஜெபக்கூடத்தில் காவல்காரராக இருந்த மாமா, செத்துப்போன என் அம்மாவின் தம்பி, அப்போது ஒரு கடிதம் போட்டார். அந்தச் சபையில் ஒரு அம்மாள் ஆஸ்பத்திரி மேட்ரனாம். எனக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கித் தருவாராம். "சரியென்றால் நானே வந்து கூட்டிப்போகிறேன்" என்று எழுதியிருந்தார்.

நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. விதைக்கடலைக்கு மல்லாட்டை உரித்தபடி கேட்டார், நான்தான் படித்தேன். கூட்டிப்போகிறேன் என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். அவர் மறுக்கவில்லை. உரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

மாமா அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல இடம்தான் என்று நம்பவைக்க, அந்த ஜெபக்கூடத்தின் வரலாற்றையே எழுதித் தொலைத்திருந்தார். பழைய கூடத்தில் பெண்களுக்கு மாடியில்தான் இடமாம். எபிரேய ஜெபம் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று சில குடும்பங்கள் சண்டை போட்டுப் பிரிந்து, பள்ளிக்கூட ஹால் ஒன்றில் கூடி, பிறகு சொந்தமாகக் கட்டிக்கொண்டார்களாம். இப்போது ஆணும் பெண்ணும் ஒரே பெஞ்சில். சென்ற வாரம் மேட்ரன் அம்மாளே முன்னால் நின்று வேதம் வாசித்தாராம்.

எங்கள் கோயிலில் அப்போதுதான் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்தது. அதற்கே நைனா பங்குச் சாமியாரிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பம்பாயிலிருந்த மாமாவுக்கு இது எங்கே தெரியும்!

"பொம்பள வேதம் படிக்கிறாளா? ஆம்பள பக்கத்துல குந்திக்கினு? இன்னா கோயிலு அது!"

"நான் படிக்கப்போறது ஆஸ்பத்திரில நைனா. அந்தக் கோயில்ல இல்ல."

"சேத்து உடுறவ அவதான? பொண்ண அனுப்ப முடியாதுன்னு எழுது."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒட்டி, தபால் பெட்டியில் போட அவரே எடுத்துக்கொண்டு போனார்.

"வந்து கூட்டிப்போங்கள் மாமா" என்று எழுதிவிட்டு, முடியாது என்று படித்துக் காட்டியிருந்தாலும் நைனாவுக்குத் தெரிந்திருக்காது. எழுதும்போதே அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். நைனாமேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது. என்மேல் இருப்பதுதான் இன்னும் போகவில்லை.