ஹெல்மெட்டுக்குள் இருந்தவன் காதர்

காதர் இறந்த செய்தி எனக்கு ஃபிளெக்ஸாகத்தான் வந்தது. எங்கள் பழைய ஜூனியர் ஹாக்கி அணியின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் காலையிலேயே கண்ணீர் அஞ்சலிப் படத்தைப் போட்டிருந்தார். மேலே அவர், அணியின் புரவலரான மில் முதலாளி, முதலாளியின் மகன் என்று கைகூப்பிய மூன்று முகங்கள். நடுவில், ஹெல்மெட் அணிந்து பாய்ந்து கிடக்கும் ஒரு கோல்கீப்பர். கீழே காதரின் பெயரோடு ஒரு புகழ் வரி. மில்லில் பேண்டேஜ் துணி லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. முப்பத்திரண்டு வயது. இதை நாலு பேருக்குப் போன் போட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சங்கத்துக்காரர்களே, இரங்கல் கூட்டத்தில் ‘ராஜபாளையத்தின் ஹாக்கி வரலாறு’ என்று ஆளாளுக்குப் பேசினீர்கள். அந்த வரலாற்றில் நானும் மூன்று வருடம் தடுப்பாட்டக்காரனாக நின்றிருக்கிறேன். மில் தொழிலாளிகளின் பிள்ளைகள் நாங்கள். கல் பொறுக்கிவிட்டுத்தான் மைதானத்தில் இறங்க முடியும். விரிசல் விட்ட மட்டையைப் பேண்டேஜ் துணியால் சுற்றிப் பசை தடவி ஆடுவோம். காதரின் கால் பேடுக்குள் இருந்தது கழிவுப் பஞ்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன்கள் எங்களைக் கண்டதும், "ஏலே, ஆஸ்பத்திரி டீம் வந்துட்டு" என்று கத்துவார்கள்.

"கிட்ட வாங்கலே, ஒங்களுக்கும் ஒரு கட்டுப் போட்டு அனுப்புதோம்" என்பான் காதர்.

மாவட்ட இறுதிப்போட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. அன்று காலை செயலாளர் அவனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார். நாங்கள் கேட்கும் தூரத்தில்தான் நின்றோம்.

"காதரு, இன்னைக்கு மட்டும் லிஸ்ட்ல பேர மாத்திக்கிடுவோம். மொதலாளி மகனுக்குச் சர்டிபிகேட் வேணுமாம். ஹெல்மெட்டுக்குள்ள எவன் பாக்கப் போறான்?"

"அப்ப நா ஆட வேண்டாமா அண்ணாச்சி?"

"நீதாம்லே ஆடுத. பேரு மட்டும் அவனுக்கு."

காதர் பேடைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "பந்து என்ன பேரு கேட்டுட்டா வருது?"

நாங்கள் சிரித்தோம். ஒருவனும் வாய் திறந்து எதிர்க்கவில்லை. நானும்தான். என் பெயர் லிஸ்டில் பத்திரமாக இருந்தது.

கடைசிப் பெனால்டி ஸ்ட்ரோக்கை அவன் இடது பக்கம் பாய்ந்து தடுத்தான். கோப்பை வந்தது. பாய்ந்த படம் முதலாளி மகனின் பெயரோடு சங்க அறையில் தொங்கியது. சான்றிதழைக் காட்டி அந்த மகன் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்தார். அதே ஒதுக்கீட்டில் போலீஸ் தேர்வுக்குப் போன காதரிடம் சான்றிதழ் கேட்டார்கள். அவன் திரும்பி வந்து லோடு தூக்கினான்.

போன வருடம் ஒரு போட்டியைத் தொடங்கிவைக்க முதலாளி மகன் வந்தார். அன்றைக்குத் தான் எப்படிப் பாய்ந்தேன் என்று மைக்கில் விவரித்தார். மைதானத்துக்கு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த காதர் என்னிடம், "எம்புட்டு அருமையாப் பாய்ஞ்சிருக்கான் பாத்தியாலே! நா அங்கனயே இருந்தும் பாக்காமப் போயிட்டேன்" என்றான்.

எனக்கு ஆத்திரம் அவன்மேல்தான் வந்தது. "சொரணையே இல்லையாலே ஒனக்கு?"

"சொரணைக்கும் சர்டிபிகேட் கேப்பானுவ" என்றான். சிரிக்கவில்லை.

அடக்கம் முடிந்து நாங்கள் திரும்பியபோது, வீட்டு முன்னால் கட்டியிருந்த ஃபிளெக்ஸை அவன் அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். "இதுல எம்புள்ள மொகம் எங்கய்யா?"

"உள்ள இருக்கான்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் செயலாளர் போன் செய்தார். "தம்பி, அந்த ஃபிளெக்ஸக் கழத்திரு. அவசரத்துல சங்கத்துல தொங்குன படத்த எடுத்துக் குடுத்துட்டேன். மொதலாளி வீட்டுல சத்தம் போடுதாவ."

"கழத்திட்டேன் அண்ணாச்சி."

"ஆளனுப்புதேன், குடுத்துரு."

"படத்துல இருக்கது காதர்தான அண்ணாச்சி?"

அவர் போனை வைத்துவிட்டார்.

ஃபிளெக்ஸ் என் பீரோவில் மடித்து இருக்கிறது. அவனுடையதாக நான் வைத்துக்கொள்வது அதைத்தான். ‘இறுதிப்போட்டியில் பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தடுத்த எங்கள் கோல்கீப்பர் காதர்’ என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். காதருக்கு நீங்கள் கொடுத்த ஒரே சான்றிதழ். ஆளனுப்ப வேண்டாம், தர மாட்டேன். அதில் நீங்கள் மூன்று பேரும் கைகூப்பிச் சாட்சி சொல்கிறீர்கள்.