ஒற்று அக்கா போட்ட கேள்வி

அச்சகத்தில் அவருக்கு ஒற்று அக்கா என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில்தான் தேட வேண்டும். க், த், ப் என்று புள்ளி வைத்த எழுத்துகள் எங்கே வர வேண்டும், எங்கே வரக்கூடாது என்பதில் இருபத்தாறு வருடங்களாக யாரையும் அவர் சும்மா விட்டதில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளோ, தேர்தல் சுவரொட்டியோ, ஓரத்தில் அவருடைய பச்சை மைச் சுருக்கொப்பம் இல்லாமல் எதுவும் இயந்திரத்தில் ஏறாது.

அவரைப் பெரிய அறிவாளி என்று சொல்ல மாட்டேன். கணவர் கோபத்தில் எழுதி வைத்துவிட்டுப் போகும் சீட்டைக்கூடப் பிழை திருத்திய பிறகுதான் படித்து அழுவாராம். அதை அறிவு என்பதா, வியாதி என்பதா? ஆனால் ஒன்று, தெரியாததைத் தெரிந்த மாதிரித் திருத்த மாட்டார். எழுதியவர் என்ன நினைத்தார் என்று சந்தேகம் வந்தால், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார். பெரிய நாற்காலிகளில் இந்தக் குணத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த வருடம் அரசாங்கம் பக்கத்து நாட்டுக்குப் படை அனுப்பியது. அங்கே அமைதி இல்லையாம், கொண்டுபோய் வைத்துவிட்டு வர வேண்டுமாம். அச்சகத்துக்கு எதிரே சாக்கடை மூடி உடைந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அதை மூட ஆள் இல்லாத அரசாங்கத்துக்கு, இன்னொரு நாட்டை ஒழுங்குபடுத்த நாற்பதாயிரம் பேர் கிடைத்தார்கள். கிடைத்தார்கள் என்பதும் சரியில்லை, பிடித்தார்கள். அக்காவின் தம்பி மகன் அவர்களில் ஒருவன். கட்டாய ராணுவச் சேவையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். வருகிறாயா என்று அவனையும் கேட்கவில்லை, வரட்டுமா என்று அந்த நாட்டு மக்களையும் கேட்கவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கமும் நம் மொழிதான். அதனால் விமானத்திலிருந்து போடுவதற்கு இரண்டு லட்சம் துண்டறிக்கைகள் வேண்டுமென்று அச்சகத்துக்கு ஆணை வந்தது. மொத்தமே நான்கு வரி. அக்கா இரண்டாவது வரியில் நின்றுவிட்டார்.

"உங்களைத் காக்க வந்திருக்கிறோம்."

காக்க என்றால் முன்னால் க் வர வேண்டும். த் வந்தால் அடுத்த சொல் தாக்க என்று இருக்க வேண்டும். எழுத்தும் சொல்லும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

"என்னக்கா, நாலு வரிக்கு இவ்ளோ நேரமா? மெஷின் சும்மா நிக்குது" என்று மெஷின்காரர் வந்தார்.

"இதுல ஒண்ணு தப்பு. எதுன்னுதான் தெரியல."

"காக்கன்னு போட்டு விடுங்க. இதுல என்ன ஆராய்ச்சி?"

"மொதல்ல தாக்கன்னு அடிச்சிருப்பாங்களோ? அப்புறம் யாரோ சொல்லை மட்டும் மாத்திட்டு த்-ஐ மறந்துட்டாங்களோ? இல்ல, வெறும் கைத்தவறோ? அவங்க மனசுல இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?"

ஓரத்தில் பச்சை மையால் 'காக்கவா, தாக்கவா?' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மதியமே ஓர் அதிகாரி சாக்கடைப் பள்ளத்தைத் தாண்டிக் குதித்து வந்து சேர்ந்தார்.

"யார் இதைக் கேட்டது?"

மெஷின்காரர் பெருமையாகச் சொன்னார்: "எங்க ஒற்று அக்கா சார்."

அதிகாரியின் அலுவலகத்தில் ஒற்று என்றால் ஒரே அர்த்தம்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ஒற்றா? எந்த நாட்டுக்கு?"

"நாடு என்ன சார் நாடு, எது வந்தாலும் மொதல்ல அவங்க கண்ணுலதான் படும்."

அதிகாரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அது வேற ஒற்று, இது வேற ஒற்று என்று முதலாளி விளக்கி முடிக்க அரை மணி நேரமும் ஒரு சொம்புத் தண்ணீரும் ஆயின.

"சரிம்மா. காக்கன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார் அதிகாரி.

"தாராளமா சார். ஓரத்துல காக்கன்னு எழுதி நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

"நானா? எனக்கு அந்த அதிகாரம் இல்லையே. மேல கேக்கணும்."

மேலே கேட்டார். மேலே இருந்தவர் தனக்கு மேலே கேட்கச் சொன்னார். அதற்கும் மேலே இருந்தவர், இது கொள்கை விஷயம், எழுத்தில் அனுப்புங்கள் என்றார். படையை அனுப்பும்போது இவ்வளவு யோசித்தார்களா தெரியவில்லை. அந்த முடிவில் எல்லோரும் இருந்தார்கள், அதனால் யாரும் இல்லை. இந்த ஓர் எழுத்துக்குக் கீழே மட்டும் ஒருவர் பெயர் இருக்கும்.

மாலையில் முதலாளி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, பேப்பர் ஒதுக்கீடு அவங்க கையில இருக்கு. நீங்க ஒப்பம் போடலைன்னா உங்களை வெச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. என் நிலைமையையும் பாருங்க."

அக்காவின் வீட்டில் அவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அது முதலாளிக்கும் தெரியும். அதனால்தான் தரையைப் பார்த்துப் பேசினார்.

"மருந்துத் தாள்ல சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு சந்தேகம் வந்தா, நானா ஒண்ணு போட்டுடலாமா முதலாளி?"

"அது மருந்து, அக்கா. இது அரசாங்கம்."

"மருந்து கசந்தா துப்பிடலாமே."

பச்சைப் பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டு அக்கா கிளம்பிவிட்டார். துண்டறிக்கை அரசாங்கத்தின் சொந்த அச்சகத்துக்குப் போய், த் மாறாமல், கா மாறாமல் அப்படியே அச்சாகி வானத்தில் ஏறியது.

ஒன்பது வாரம் அக்கா வீட்டில் இருந்தார். கணவர் சீட்டு எழுதுவதையே நிறுத்திவிட்டாராம். பத்தாவது வாரம் முதலாளி வாசலில் வந்து நின்றார். பச்சை ஒப்பம் இல்லாத தாளை வாங்க மாட்டோம், வேறு அச்சகம் பார்த்துக்கொள்கிறோம் என்று மருந்துக் கம்பெனி சொல்லிவிட்டதாம். கம்பெனிக்கும் அச்சகத்துக்கும் நடுவே அந்த வசதி இருந்தது, பிடிக்கவில்லை என்றால் விலகிக்கொள்ளலாம். பேப்பர் ஒதுக்கீட்டைக் கையில் வைத்திருப்பவரிடம் அப்படி லேசாகச் சொல்லிவிட முடியாது. முதலாளியை வீரர் என்று புகழ வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, கொஞ்சம் வெட்கப்பட்டு வந்தார். அது போதும்.

"அரசாங்க வேலை?" என்று கேட்டார் அக்கா.

"அது நமக்கு வேணாம்க்கா. பேப்பர் வெளியில வாங்கிக்கலாம். விலை கூடத்தான்."

அக்கா அச்சகத்தில் தன் ஜன்னல் ஓர நாற்காலிக்குத் திரும்பிய மறு வாரம், விடுப்பில் வந்த தம்பி மகன் அவரைப் பார்க்க அங்கே வந்தான். மெலிந்து கறுத்திருந்தான். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். அதே துண்டறிக்கை. இரண்டாவது வரியில் த், கா இரண்டையும் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்கள்: 'காக்கவா, தாக்கவா?'

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரு எழுதினது?"

"யாருன்னு சொல்றது அத்தை? அங்க சுவருக்குச் சுவர் இதுதான். லாரியை நிறுத்தினாலே வந்து கேக்குறாங்க."

"ஒற்று தெரிஞ்ச ஊரு" என்றார் அக்கா. அவர் யாரையும் இவ்வளவு புகழ்ந்து மெஷின்காரர் கேட்டதில்லை. "சரி, நீ என்ன பதில் சொன்ன?"

"நான் என்ன சொல்றது அத்தை?" என்றான் அவன். "மேல கேட்டுச் சொல்றேன்னேன்."