ஐஸில் வைத்த சங்கரா மீன் குழம்பு

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. ராயபுரத்தில் எங்கள் சந்திலேயே கிடையாது. மீன் குழம்பைக் கெடாமல் வைக்க அம்மாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: காலையில் ஒரு கொதி, சாயங்காலம் ஒரு கொதி, பிறகு ஈர மணல்மேல் சட்டி. பி.யு.சி.யில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது போதவில்லை. சாக்கை நனைத்துச் சட்டியைச் சுற்றுவேன். துறைமுகத்திலிருந்து அப்பா கொண்டுவந்த தேயிலைப் பெட்டியில் உமியை நிரப்பி, மீன் ஏலம் முடிந்த இடத்தில் சிதறிக் கிடக்கும் ஐஸைப் பொறுக்கிவந்து போடுவேன். தண்ணீர் ஆவியானால் ஏன் குளிர்கிறது என்று அம்மாவுக்குப் பாடம் வேறு எடுப்பேன்.

“அல்லாம் சர்தான். உங்க காலேஜுல அடுப்பு பத்த வைக்க மட்டும் சொல்லித் தர்ல போல” என்பாள்.

அந்த மே மாத வியாழக்கிழமை காலை, மாங்காய் போட்டு சங்கரா மீன் குழம்பு வைத்தாள். அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மறுநாள் கரைக்கு வருவதாக இருந்தது. “ஒரு நாள் ஊறுனாதான் அந்த மனுசனுக்கு எறங்கும்” என்று சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனவள், குடத்தோடு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவளைத் திரும்பக் கொண்டுவந்தபோது சட்டியில் சூடு ஆறவில்லை.

கப்பல் தாமதம், சனிக்கிழமைதான் வரும் என்று செய்தி வந்தது. அதுவரை அம்மாவை வைத்திருக்க வேண்டும். மீன் ஐஸ் ஏற்றுகிற அதே மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் பாளம் பாளமாக ஐஸ் வந்தது. பெஞ்சுமேல் அம்மா, கீழேயும் பக்கத்திலும் ஐஸ்.

செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. ஆக்கி வைத்தது, பிடித்து வைத்த தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். அப்பாவின் அண்ணி, எங்கள் பெரியம்மா, அழுகைக்கு நடுவிலும் அதை மறக்கவில்லை. “அல்லாத்தையும் கொட்டுடி.”

தண்ணீரைக் கொட்டினேன். சோற்றைக் கொட்டினேன். குழம்புச் சட்டியைக் கொட்டக் கை வரவில்லை. முந்தானைக்குள் மறைத்துப் பின்கட்டுக்குப் போய்த் தேயிலைப் பெட்டிக்குள் இறக்கிவிட்டேன்.

கொதிக்க வைக்க வழியில்லை. சனிக்கிழமைவரை குளிர் ஒன்றுதான் அதைக் காப்பாற்ற முடியும். அம்மாவின் கால்மாட்டில் இருந்த பாளத்தின் முனையைக் கல்லால் தட்டினேன். எவ்வளவு ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. படித்தது ஒன்று கடைசியில் பயன்படப்போகிறதே என்று எனக்குள் ஒரு துள்ளல்கூட வந்தது. அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

“இன்னாம்மா பண்ணிகினு கீற?” ஐஸ் வண்டிக்காரர் பார்த்துவிட்டார்.

“அம்மா வச்ச கொயம்புண்ணே. அப்பாவுக்கு.”

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தன் ஊசிக்கம்பியால் தலையளவு துண்டு பெயர்த்துக் கொடுத்தார். “பொடி ஐஸு நிக்காது. பெர்சா வையி. அடியில தண்ணி போறதுக்கு ஓட்ட போட்டியா?”

போட்டேன். இரண்டு நாளும் ஐஸ் கரையக் கரைய மாற்றினேன். மூடியைத் திறந்து திறந்து முகர்ந்தேன். புளிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அப்பா வந்தார். மத்தியானம் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். வீடு கழுவி, பெரியம்மா அடுப்பு மூட்டிச் சோறு வடித்த பிறகு, சட்டியை எடுத்துவந்தேன்.

“அடிப்பாவி! அன்னிக்கே கொட்டச் சொன்னேனே!”

அப்பா தலை நிமிர்ந்தார். “அவ வச்சதா?”

“ஆமாம்பா. ஒங்களுக்குன்னு வச்சது.”

அவர் எழுந்துவந்து தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அவர் சாப்பிட உட்கார்ந்தது அப்போதுதான். அவருக்குச் சூடாகக் கொடுக்க வேண்டும், உடனே கொடுக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. ஐஸிலிருந்து எடுத்த மண்சட்டியை அப்படியே எரிகிற அடுப்பில் வைத்தேன்.

டப்பென்று ஒரு சத்தம். குழம்பு முழுக்க நெருப்பில் இறங்கியது. புளி கருகும் புகை வீட்டை அடைத்தது.

குளிர்ந்த சட்டியைத் தீயில் வைக்கக்கூடாது என்பது எங்கள் சந்தில் பாவாடை கட்டிய பிள்ளைக்கும் தெரியும். ஏன் கூடாது என்பது என் பாடப்புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

பெரியம்மா விறகை இழுத்து வெளியே போட்டாள். அப்பா குனிந்து, உடைந்த சட்டியின் ஒரு வளைந்த ஓட்டுச் சில்லை எடுத்தார். அதில் கொஞ்சம் குழம்பும் ஒரு வால் துண்டும் தங்கியிருந்தன. சோற்றில் வழித்துப் போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தார்.

“சில்லுனு கீது” என்றார். “அப்டியே குட்த்திருக்கலாமேம்மா. நேத்து வச்ச கொயம்ப நான் எப்பவும் சூடு பண்ணாமதான் துன்னுவேன். உங்கம்மாவுக்குத் தெரியும்.”

ஓட்டுச் சில்லை இன்னொரு தரம் விரலால் வழித்தார். அதில் ஒன்றும் மிச்சமில்லை.