குப்பையில் தொடங்கும் பெயர்

என் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் இனி என்ன வெட்கம் என்று நீங்கள் கேட்கலாம். வெட்கம்தான். அந்தப் பெயர் குப்பை என்ற சொல்லில் தொடங்கி ஒரு சாமியில் போய் முடியும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். நடுவில் இருப்பதை நீங்கள் எப்படி நிரப்பினாலும் பெரிதாக அழகு கூடிவிடாது.

வைத்தவர்கள் தெரியாமல் வைக்கவில்லை. எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக நான் வந்ததும், வலப்பனைப் பக்கத்தில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலிருந்த குப்பை மேட்டில் என்னைக் கொண்டுபோய்க் கிடத்தியிருக்கிறார்கள். அடுத்த காம்பராவில் குடியிருந்த பெண் ஒன்றும் தெரியாதவள் போல வந்து, யார் வீட்டுப் பிள்ளை இது என்று கேட்டு என்னைத் தூக்கி, அம்மாவிடமே இரண்டு கை குருணைக்கு விற்றிருக்கிறாள். தூக்கி எறிந்த பிள்ளை, விலைக்கு வாங்கிய பிள்ளை, போதாததற்குப் பெயரும் குப்பை. இத்தனைக்கும் மேல் எமன் இந்தப் பக்கம் திரும்ப மாட்டான் என்று நம்பினார்கள். எமன் திரும்பவில்லை. மற்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குப் பின்னால் பிறந்த தங்கைக்கு மகாலட்சுமியின் பெயர்களில் ஒன்றை வைத்தார்கள். எமன் பெண் பிள்ளைகளைத் தேடி வருவதில்லை என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஒரே பாயில் படுத்தோம், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தோம், ஆனால் அவள் மகாலட்சுமி, நான் குப்பை.

பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். பிள்ளைகளின் பெயரை ஓர் எழுத்துப் பிசகாமல் உச்சரிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மற்றவர்கள் பாதியை விழுங்கிவிட்டுக் கூப்பிடும் பெயரை, அவர் தினமும் காலையில் இடாப்பு வாசிக்கும்போது இரண்டு 'ப'வையும் அழுத்தி, 'பை'யை நீட்டி, நிறுத்தி நிதானமாக வாசிப்பார். நல்ல மனிதர். நான் நாலு வரி எழுதுகிறேன் என்றால் அவரால்தான். ஆனாலும் அவருக்குத் தொண்டை கட்ட வேண்டும் என்று கோயிலில் நான் வேண்டிக்கொண்டதுண்டு.

இருபது வயதில் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிற்சாலைக் காரியாலயத்தில் எனக்குக் கிளாக்கர் வேலை கிடைத்தது. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் போகும்போதே பத்துப் பதினைந்து பெயர்களை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒன்று மட்டும் நாக்கில் உட்கார்ந்தது. முருகனுடைய பெயர்களில் கொஞ்சம் மிடுக்கானது. புதுச் செருப்பு கடிக்காமல் காலுக்குப் பொருந்துவது போல அது எனக்குப் பொருந்தியது. இறங்கியதும் அந்தப் பெயரைத்தான் சொன்னேன். சம்பளப் பதிவில் அடையாள அட்டையில் உள்ளதைத்தான் போட முடியும், வாயால் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டார். அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த வகையில் கொடுத்துவைத்தவன் நான்.

முதல் லீவில் வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். கொழுந்துக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பேரு வேணாண்டா தம்பி. வேற எது வேணும்னாலும் வச்சிக்க," என்றாள்.

எமன் பயம் இன்னும் போகவில்லை என்று எடுத்துக்கொண்டேன். தலவாக்கலைக்கு நேர் பஸ் கிடையாது, எமன் நுவரெலியாவில் இறங்கி மாற வேண்டும், அவ்வளவு சிரமப்பட மாட்டான் என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னைப் பழைய பெயராலும் கூப்பிடவில்லை, புதிய பெயராலும் கூப்பிடவில்லை. வெறும் தம்பிதான். கல்யாணப் பத்திரிகையில் புதுப் பெயரை அச்சடித்திருந்தேன். தங்கை அதை வாசித்துக் காட்டியதும் அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாளாம். தாய் வைத்த பெயரை மகன் தூக்கிப் போட்டுவிட்டானே என்ற கோபம் என்று நான் நினைத்தேன். வைத்த பெயர் அப்படி, நான் என்ன செய்ய என்றும் நினைத்தேன்.

இன்றைக்கு எங்கள் லயங்களில் பெயர் வைக்கும் அழகே வேறு. 'ஷ்கா', 'க்ஷன்', 'ஜித்' என்று முடியாவிட்டால் அது பெயரே இல்லை. நாள் பார்ப்பவர் ஓர் எழுத்தைக் கொடுப்பார், கைபேசி மிச்சத்தைக் கொடுத்துவிடும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பழைய சாமிகளின் பெயரெல்லாம் கூப்பிடுகிறார்கள். அதே சாமிகளின் பேரப்பிள்ளைகளின் பெயரை முன்பள்ளி டீச்சர் காகிதத்தைப் பார்த்துத்தான் வாசிக்கிறார். நான் சிரிக்க முடியாது. என் மகளுடைய பெயரில் இரண்டு 'ஷ' இருக்கிறது. அம்மாவுக்கு இன்றுவரை அது வாயில் நுழையவில்லை, சின்னக்குட்டி என்றே கூப்பிடுகிறாள்.

மகள் பிறந்தபோது பதிவாளர் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார். அப்போது அவர்கள் பெரிதாகக் காகிதம் பார்ப்பதில்லை. நான் மிடுக்கான பெயரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். அவ்வளவு அழகான பெயருக்கு முன்னால் ஒரு குப்பை நிற்கக் கூடாது என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இல்லை. அதற்குப் பிறகு இருபத்தேழு வருடம் என் அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுக்காமல் காப்பாற்றினேன். மனைவிக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. சொந்த வீட்டில் அடையாள அட்டையை ஒளித்து வாழ்ந்தவன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சென்ற வருடம் மகளுக்கு ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகம் வந்தது. பட்டம் முடித்து மூன்று வருடம் அவள் காத்திருந்த கடிதம் அது. வெள்ளிக்கிழமை நுவரெலியாவுக்குப் போக வேண்டும். கூடவே ஜி.எஸ். என்று நாங்கள் சொல்லும் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள். பழைய ஜி.எஸ். என்னை நேரில் தெரிந்தவர், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவார். இப்போது வந்திருப்பவர் இளைஞர், காகிதத்தைப் பார்ப்பவர். திங்கட்கிழமை போன மகள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

வாக்காளர் பதிவின்படி எங்கள் வீட்டில் அவளுடைய தகப்பனே இல்லையாம். வேறு ஒரு ஆண் இருக்கிறாராம். அந்தப் பெயரை அவர் சிங்கள எழுத்தில் தடுக்கித் தடுக்கி வாசித்துவிட்டு, குப்பி விளக்குக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று மரியாதையாகவே கேட்டாராம். அவள் அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்கிறாள். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து, என் பிறப்புச் சான்றிதழையும் வைத்துக் கொடுத்தால் வியாழக்கிழமைக்குள் சான்றிதழ் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அவள் சிரிப்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"ஒங்களுக்குப் பேரு புடிக்கலன்னா அது ஒங்களோட இருக்கட்டுங்கப்பா. என் சர்டிபிகேட்ல ஏன் பொய்ய எழுதுனீங்க? இந்த வேல போச்சுன்னா நான் என்ன செய்யிறது?"

ஆசைப்பட்டுக் கொடுத்த பெயர் அவளுடைய வேலைக்கே உலை வைக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பிறப்புச் சான்றிதழ் அம்மாவிடம் இருந்தது. அவள் தங்கையோடு பழைய தோட்டத்திலேயே இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை நுவரெலியா போய், அங்கிருந்து வலப்பனை பஸ் பிடித்துப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா கட்டிலுக்குக் கீழே கையைக் காட்டினாள். தகரப் பெட்டிக்குள் ஒரு பால்மாப் பை, அதற்குள் மடித்த காகிதங்கள். ஒன்று என்னுடையது. குப்பை பத்திரமாக இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பிறப்புச் சான்றிதழ். தகப்பன் பெயர் எங்கள் அப்பாவுடையது. தாய் பெயர் அம்மாவுடையது. தோட்டமும் அதே தோட்டம். பிள்ளையின் பெயர், நான் பஸ்ஸில் தேர்ந்தெடுத்த பெயர். பிறந்த திகதி மட்டும் எனக்கு நாலு வருடம் முந்தியது. என் பெயரில் யாரோ கள்ளப் பத்திரம் முடித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. காரியாலயத்தில் முப்பத்தேழு வருடம் உட்கார்ந்தால் புத்தி அப்படித்தான் போகும்.

"அது மூத்தவனோடது," என்றாள் அம்மா. "பதினோரு மாசம் இருந்தான். செவுத்தப் புடிச்சு நிக்கப் பழகினான்."

அப்படியானால் எனக்கு எப்படி இந்தப் பெயர் தோன்றியது என்று கேட்டேன்.

"ஒன்னயப் போய் குப்பைன்னு கூப்புட எனக்கு வாய் வரலடா. ஆளு இருக்கையில கூப்புடுவேன். யாரும் இல்லாதப்ப தொட்டில ஆட்டிக்கிட்டு அவன் பேரச் சொல்லித்தான் கூப்புடுவேன். ஒனக்குப் பேச்சு வந்து, நீயே அந்தப் பேரத் திருப்பிச் சொன்ன. எனக்கு ஈரக்கொலயே நடுங்கிப் போச்சு. அன்னிக்கோட விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. என் வாழ்க்கையில் நானாகத் தேர்ந்தெடுத்த ஒரே விஷயம் என்று இத்தனை வருடம் நான் மெச்சிக்கொண்ட பெயர் அது. அம்மா தன் சேலை முனையை என் பக்கம் நீட்டினாள். பிறகு, சின்னக்குட்டியின் வேலைக்கு எது தேவைப்படுமோ யாருக்குத் தெரியும், இரண்டையும் எடுத்துப் போ என்றாள். இரண்டையும் எடுத்துக்கொண்டேன். என்னுடையதை உறையில் போட்டேன். மற்றதை எதில் போடுவதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்தேன்.

புதன்கிழமை மகளோடு தலவாக்கலைக்குப் போனேன். அங்கே துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் சமாதான நீதவான். சேலை விரித்துக் காட்டும் மேசையிலேயே ஒரு மூலையை ஒதுக்கி முத்திரை வைத்திருப்பார். தட்டெழுதிக் கொண்டுபோன காகிதத்தை அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். இன்ன பெயரும் இன்ன பெயரும் ஒருவரையே குறிக்கும் என்றும், அவர் நானே என்றும் அதில் இருந்தது. முதல் பெயரைக் கேட்டு, துணி எடுக்க வந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள். வாழ்நாள் முழுவதும் நான் பயந்த காட்சி அதுதான். ஆனால் அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. இரண்டாவது பெயரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் பேனாவை என் பக்கம் நீட்டிவிட்டு, வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"இந்த ரெண்டாவது பேர்ல ஒங்கட குடும்பத்துல வேற ஆள் இல்லதானே?"

சட்டைப் பையில் காகிதம் இருந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் மிச்சம். உள்ளதைச் சொன்னால் அவர் நல்ல மனிதர், புரிந்துகொள்வார், ஆனால் கையெழுத்துப் போட யோசிப்பார்.

"இல்லீங்க. வேற ஆள் இல்லீங்க," என்றேன்.

முத்திரை விழுந்தது. அந்தக் காகிதத்தை ஜி.எஸ். மறுநாள் வாங்கி, வாசிக்காமலே கோப்பில் சொருகிக்கொண்டு சான்றிதழ் கொடுத்தார். நேர்முகத்தில் தகப்பன் பெயரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளுக்கு நியமனமும் கிடைத்தது. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று கடையிலிருந்து இறங்கி பஸ் நிலையத்துக்கு வந்ததும், நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறாமல் சிமெண்ட் கட்டில் உட்கார்ந்தேன். மேலுக்கு முடியவில்லையா என்று அவள் பதறினாள். காகிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அம்மா சொன்னதையும், சற்று முன்னால் நான் எதைச் சத்தியம் பண்ணினேன் என்பதையும் சொன்னேன்.

அவள் இரண்டு முறை வாசித்தாள். பெயரின் மேல் விரலை வைத்தாள். என்மேல் இருந்த கோபத்தைக் காணவில்லை.

"அப்ப இவங்க எனக்குப் பெரியப்பாங்கப்பா," என்றாள்.

பதினோரு மாதத்தில், சுவரைப் பிடித்து நிற்கப் பழகியதோடு போய்விட்ட பிள்ளையை அவள் 'இவங்க' என்று மரியாதையாகச் சொன்னாள். எனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.