இல்லையென்று ஆட்டிய தலை

ஒக்தோபர் முடிவு வந்துவிட்டால், ஒஸ்லோவின் ரொம்மனில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளிடம் என் அம்மாவுக்குத் தனி மவுசு. பேய் வேசம் போட்டுக்கொண்டு "க்னாஸ்க் எல்லர் க்னெப்" என்று வாசல் வாசலாக இனிப்புக் கேட்டு வருபவர்களுக்கு மற்ற வீடுகளில் ஒன்று கிடைத்தால், அம்மாவிடம் இரண்டு கை நிறையக் கிடைக்கும். கொடுக்குமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும் தமிழில் ஏதோ கேட்பார். விளங்காத பிள்ளைகள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டும். உடனே அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். அது ஏதோ எங்கள் ஊர் வாழ்த்து என்று பக்கத்து வீட்டு பெரித் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் அம்மாவைப்போல ஹலோவீனில் விருப்பமுள்ள ஆளைத் தான் கண்டதேயில்லை என்று போன வருடமும் சொன்னாள். சிரித்து வைத்தேன்.

அம்மா கேட்பது வாழ்த்து அல்ல. "ஐயா, என்ரை மூத்தவன் செத்துப்போனானோ?" என்றுதான் கேட்கிறார்.

யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குத் தலையாட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இங்கே பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் ஊரையே வரிசையில் நிறுத்துவார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வைத்த சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருப்பான். அவன் யாரைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறானோ, அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். என் அண்ணாவைப் பார்த்து ஆட்டினான். அப்போது எனக்கு ஆறு வயது. அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

ஒஸ்லோவுக்கு வந்து, எனக்குப் பத்து வயதானபோது, ஹலோவீனுக்கென்று வகுப்புத் தோழியின் தாய் பழைய தலையணை உறையில் இரண்டு ஓட்டை வெட்டி எனக்கு மாட்டிவிட்டாள். அந்தச் சாக்கு எனக்கு ஞாபகமே வரவில்லை. நாலு வருடத்தில் அவ்வளவு மறதி. அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. அம்மாவை ஏய்க்கலாம் என்று தோழியோடு போய் எங்கள் வீட்டு மணியையே அடித்தேன். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பேசாமல் நின்றேன். கதவைத் திறந்த அம்மா அப்படியே விழுந்து என் காலைக் கட்டிக்கொண்டார்.

"ஐயா, அவன் படிக்கிற பிள்ளை. இல்லையெண்டு ஆட்டுங்கோ ஐயா."

அம்மா நடிக்கிறார் என்று நினைத்துத் தோழி கைதட்டினாள். நான் இல்லையென்று ஆட்டினேன். அம்மா எழும்பிப் போய் வீட்டில் இருந்த பிஸ்கற், வாழைப்பழம், சீனிப் பக்கற் எல்லாவற்றையும் கொண்டுவந்து என் பையில் போட்டார்.

அந்த ஆட்டலோடு அண்ணாவுக்கு உயிர் வந்துவிட்டது. இன்றுவரை ஒரு திவசம் இல்லை, படத்துக்கு ஒரு மாலை இல்லை. அண்ணாவுக்காக ஒருதரமாவது எனக்கு வாய்விட்டு அழவேண்டும். அம்மா விடமாட்டார். அவருக்கும் எழுபத்தெட்டாகிவிட்டது. இனியும் தாங்காது என்று, இந்த வருடம் இனிப்பைக் கோப்பையில் கொட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், அன்றைக்கு வந்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். உன்ரை சப்பாத்தைத்தானே கட்டிப்பிடிச்சனான்," என்றார். கொட்டுவதை நிறுத்தவில்லை. "எண்டாலும், நீ இல்லையெண்டுதானே ஆட்டினனீ?"

மணி அடித்தது. வாசலில் வெள்ளைத் துணி போர்த்த ஒரு சின்னப் பேய். அம்மா குனிந்து வழக்கம்போலக் கேட்டார். இந்தப் பிள்ளை கொஞ்சம் விவரமானது. தலையை ஆட்டாமல், இவர் என்ன சொல்கிறார் என்று நோர்வேஜியத்தில் என்னைக் கேட்டது. இனிப்பு வேண்டுமா என்று கேட்கிறார் என்று நான் சொன்னால், ஓம் என்று மேலும் கீழும் ஆட்டிவிடும். அம்மா துணியின் இரண்டு ஓட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆளாக அவர்களுக்கு நடுவில் நான் நின்றேன்.

குளிர்கிறதா என்று கேட்கிறார் என்றேன்.

பிள்ளை இல்லையென்று தலையை ஆட்டியது. அம்மா இரண்டு கையாலும் இனிப்பை அள்ளினார்.