மம்சாபுரம் விலக்கில் நிற்காத பஸ்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடிய தனியார் பஸ்ஸில் ஐயாதுரை டிரைவராக இருந்தார். ரோட்டில் கோழி குறுக்கே வந்தாலும் பிரேக்கில் ஏறி நின்றுவிடுவார் என்று பேரெடுத்த மனுஷன்.

எண்பத்தாறாம் வருஷம், ஆவணி மாதம். ஒருநாள் முற்பகலில் மம்சாபுரத்துக்குப் பாதை பிரியும் விலக்குக்குச் சற்று முன்னால் ரோட்டை மறித்து ஒரு மாட்டுவண்டி கிடந்தது. அதன் முன்னால் ஐந்தாறு பேர் அரிவாளோடு நின்றார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த சுயம்புலிங்கத்துக்கு முகம் வெளிறிப்போனது. குடிபோதையில் ஒருவனைக் குத்திக் கொன்றுவிட்டு ஜாமீனில் வந்தவன் அவன். கோர்ட்டு வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தான். நின்றவர்கள் செத்தவனின் அண்ணன் தம்பிகள்.

"அண்ணே, நிப்பாட்டிராதீய! என்னைய வெட்டிப் போட்டுருவானுவ!"

கண்டக்டர் ஞானதுரை முன்னால் ஓடி வந்தார். "அவன எறக்கி விட்டுருவோம்ணே. பிள்ளகுட்டியோட அம்புட்டுப் பேரு இருக்காவ. நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

வலது பக்கம் கண்மாய்க்கரை மேல் ஒரு மண்பாதை பிரிந்தது. பயத்தில் கை தானாகத் திரும்பிவிட்டது என்றுதான் ஐயாதுரை பிறகு போலீசில் சொன்னார். உண்மையில் அவர் யோசித்தார். என் வண்டியிலிருந்து இழுத்துப்போட்டு ஒருத்தனை வெட்ட விடமாட்டேன் என்று முடிவு கட்டித்தான் ஸ்டியரிங்கை ஒடித்தார்.

கல் வந்து விழுந்து கண்ணாடி சிதறியது. டிரைவர் பக்கக் கதவில் தொற்றிக்கொண்ட ஒருவன் அரிவாளை உள்ளே வீசினான். ஐயாதுரையின் தோள் பிளந்து ரத்தம் மடியில் கொட்டியது. கரையில் பஸ் குலுங்கியதும் அவன் பிடி நழுவியது. பின்சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியதை அவர் தன் இடுப்பெலும்பில் உணர்ந்தார். அப்போதும் நிறுத்தவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில்தான் பிரேக்கை மிதித்தார்.

சக்கரத்தில் மாட்டிச் செத்தவன் கல்யாணம் ஆகாத பையன். வழக்கில் ஐயாதுரைக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் அடுத்த தை மாதம், செத்த பையனின் அண்ணன்மார் டீக்கடையில் இருந்தவரைப் பெஞ்சோடு சேர்த்து அமுக்கினார்கள்.

"இந்தக் கைதானல ஸ்டியரிங்க ஒடிச்சது?"

வலது கையின் நாலு விரல்களும் ஒரே வெட்டில் டீக்கடை மண்ணில் விழுந்தன.

அதன்பிறகு மனைவி பரிபூரணம் பஞ்சாலைக்குப் போனாள். அவர் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பேரைக் கூவி ஆள் ஏற்றிவிட்டார். சாட்சிகள் பல்டி அடித்ததில் சுயம்புலிங்கமும் விடுதலையானான். தீபாவளிக்குத் தீபாவளி பால்கோவாவோடு வந்து, "ஒங்களாலதாண்ணே உசுரோட இருக்கேன்" என்பான். விரல்கள் வீணாகப் போகவில்லை என்று அன்றைக்கு மட்டும் ஐயாதுரைக்குத் தோன்றும்.

தொண்ணூற்றொன்றில், வேலித் தகராறில், தனுஷ்கோடி என்ற கொத்தனாரை சுயம்புலிங்கம் வெட்டினான். கொத்தனாரின் மனைவி வெள்ளத்தாய் தடுக்க வந்து கையில் வெட்டு வாங்கினாள். அவள் கண்ணெதிரே புருஷன் கழுத்தறுந்து கிடந்தான். ரத்தச் சட்டையோடு சுயம்புலிங்கம் நேரே ஐயாதுரை வீட்டுக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, செத்த நேரம் ஒளிஞ்சுக்கிடுதேன். அன்னைக்குக் காப்பாத்துனீயள்லா."

ஐயாதுரை அவன் கையிலிருந்த அரிவாளைப் பார்த்தார். "உள்ள போ" என்றார்.

அவன் போனதும் கதவைச் சாத்தி, இடது கையால் வெளித்தாழ்ப்பாளைப் போட்டார். பழைய தாழ்ப்பாள், தாங்காது. முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். உள்ளிருந்து வெட்டு விழ விழப் பலகை தெறித்தது. அரிவாள் நுனி இரண்டு முறை அவர் முதுகில் இறங்கியது. பரிபூரணம் கத்திக்கொண்டு ஓடி ஆட்களைக் கூட்டிவரும்வரை அவர் நகரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சுயம்புலிங்கத்துக்கு ஆயுள் தண்டனை ஆனது. சாட்சி சொல்லியிருந்த வெள்ளத்தாய் தீர்ப்பன்று கோர்ட்டு வாசலில் ஐயாதுரையை மறித்தாள்.

"அன்னைக்கு நீரு பஸ்ஸ நிப்பாட்டியிருந்தா எம் புருசன் இருந்திருப்பாருல்லா?"

"இருந்திருப்பாரு தாயி" என்றார் ஐயாதுரை. "ஆனா ஒரு மனுசன வெட்டுதத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"நான் பாத்தேன்லா" என்றாள் அவள்.

அவர் தலை குனிந்தது. அவள் பஸ் ஏறிப் போன பிறகும், பரிபூரணம் வந்து தோளைத் தொடும்வரை, அங்கேயே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.