நிமிடத்துக்கு நூறு சொட்டு

காரைக்காலில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில், மாடியறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்த சலோமி அம்மாளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரில் எல்லோருக்கும் அவர் சிஸ்டரம்மா. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில், பத்தொன்பது வயதில், கன்னியாஸ்திரிகளிடம் வேலை பழகியவர். அதனால் நாடி பார்த்தாலும் சலைன் சொட்டை எண்ணினாலும் உதட்டுக்குள் அன், தெ, த்ருவா என்றுதான் எண்ணுவார். மற்றபடி பிரெஞ்சில் ஒரு வாக்கியம்கூடப் பேச வராது.

நான் அந்த வீட்டுக்கு வந்தது 1981 கடைசியில். எட்டு வருடம் மார்செய், ஜிபூத்தி, ரெயூனியோன் என்று சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். அண்ணன் வீட்டில் ஒரு மாதத்துக்குமேல் இருக்க முடியவில்லை. பிரான்சுக்குப் போகக் காத்திருப்பவர்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டு, அடுத்து எங்கே போகலாம் என்று தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்தவரோ ஆறு வருடமாக ஒரு ராத்திரிகூட ஊரை விட்டு வெளியே தங்காதவர். ஏன் என்று கேட்டால் கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியைக் கைகாட்டுவார்.

மூன்றடி நீளத் தொட்டி. படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் சொல்லி, இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்துச் செய்தது. உள்ளே கடல் தண்ணீர். அதில் ஒரே ஒரு மீன், அதுவும் பேத்தை. விஷ மீன் என்று வலைக்காரர்கள் கரையிலேயே வீசிவிட்டுப் போவார்களே, அதுதான். திருவேட்டக்குடியிலிருந்து மீன் விற்க வரும் பூவாயியின் கூடையில் ஒருநாள் இறாலோடு இறாலாக வந்து, முற்றத்தில் பந்துபோல் உப்பிக் கிடந்தது. மகன் கல்யாணமாகித் திருச்சிக்குக் குடிபோன வாரம் அது. பூவாயி அதைச் சாக்கடையில் எறியப் போனாள். சலோமி அம்மாள் விடவில்லை. உயிர் இருக்கிற எதையும் அவரால் அப்படி விட முடியாது. குண்டானில் கல்லுப்பைக் கரைத்து அதில் போட்டார். மறுநாள் கடலுக்கே ஆள் அனுப்பித் தண்ணீர் கொண்டுவந்தார்.

பூவாயி அதை மாப்பிள்ளை என்பாள்.

"மாப்புள சாப்புட்டாராம்மா? அவருக்குன்னு நாலு எறா தனியா எடுத்து வச்சிருக்கேன். ஊருல எல்லாரும் மீனத் திங்கிறாங்க. நீங்க ஒருத்தருதான் மீனுக்கு ஊட்டுறீங்க."

"ஒனக்கு ஏன் வயிறு எரியுது? எடைய ஒழுங்காப் போடு."

பேத்தை நிறையத் தின்னும், தின்றதைச் சிதறும். தினமும் காலையில் பத்து லிட்டர் எடுத்துக் கொட்டிவிட்டுப் பத்து லிட்டர் புதிதாக ஊற்ற வேண்டும். இரண்டு நாள் விட்டால் தண்ணீர் மங்கி, மீன் ஒரு மூலையில் போய் நிறம் கறுத்து நின்றுவிடும். ரிக்‌ஷாக்கார முத்தையன் சனிக்கிழமைதோறும் கடற்கரையிலிருந்து கேன்களில் தண்ணீர் கொண்டுவருவார். ஐப்பசியில் அரசலாற்று வெள்ளம் கடலில் கலந்தால் உப்புக் குறைந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க சலோமி அம்மாளிடம் ஒரு கருவி இருந்தது. சிறுநீரின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மிதவை. ஆஸ்பத்திரியில் பழசு என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். நல்ல கடல் தண்ணீரில் அது ஆயிரத்து இருபத்தைந்தில் நிற்கும். "மனுசனுக்கு இவ்வளவு வந்தா ஒடம்புல தண்ணி பத்தலன்னு அர்த்தம். இவனுக்கு இதுதான் சொகம்" என்பார்.

டூட்டி முடிந்து அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே பேத்தை கண்ணாடி ஓரம் வந்துவிடும். ஒரு கண்ணை வாசல் பக்கமும் மறு கண்ணை இறால் கிண்ணத்தின் பக்கமும் திருப்பி வைத்துக்கொண்டு நிற்கும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வார்டில் யார் தேறினார்கள், யார் போய்விட்டார்கள் என்று அதனிடம் சொல்வார். மாடிப்படியில் உட்கார்ந்தால் எனக்கும் கேட்கும்.

மகன் அற்புதராஜிடமிருந்து ஈஸ்டருக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று கடிதம் வரும். கண்ணாடி போட்டும் அவருக்குச் சின்ன எழுத்து தெரியாததால் நான்தான் படித்துக் காட்டுவேன். எல்லாக் கடிதத்திலும் ஒரு வரி உண்டு. "இந்த லீவுக்காவது வாங்கம்மா. எத்தனை வருஷமாகக் கூப்பிடுகிறோம்." பேத்திக்கு மூன்று வயது. ஞானஸ்நானத்தன்று காலை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பியவர்தான். ஒவ்வொரு முறையும் பதிலில், மீனை விட்டு வர முடியாது என்று எழுதச் சொல்வார்.

1982 ஈஸ்டர் கடிதத்தைப் படித்து முடித்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு மனுஷி எதற்காக இப்படி ஒரே இடத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்று எனக்குக் கோபமே வந்தது.

"சிஸ்டர், ஒங்களுக்குப் பேத்தியப் பாக்க ஆசையே இல்லையா?"

"ஏன் இல்லாம? அது நடக்குறதக்கூட நான் பாக்கல."

"அப்ப போயிட்டு வாங்க. மீனு ஒரு வாரம் பட்டினி கெடக்காதா?"

"பட்டினி கெடக்கும். தண்ணிதான் தாங்காது. ஒங்கிட்ட விட்டுட்டுப் போலாம்னா, மேரி, நீ எந்த நாளு எந்த ஊருல இருப்பேன்னு ஒனக்கே தெரியாது."

"ராத்திரி பூரா நோயாளிக்கு சொட்டுச் சொட்டா ஏறுதே, அதுக்கு நீங்க பக்கத்துலயேவா நிக்கிறீங்க?"

சொல்லும்போது அது எனக்குப் பெரிய யோசனையாகத் தோன்றவில்லை. ஆனால் அவர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வேலை தொடங்கியது. ஆஸ்பத்திரி ஸ்டோரில் சொல்லி வாங்கிய பழைய சொட்டுக் குழாய்கள், அழுத்தும் கிளிப்புகள், முப்பது லிட்டர் பிடிக்கும் இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஜாடிகளைப் பரணில் ஏற்றினோம். கார்க்கில் இரண்டு ஓட்டை. ஒன்றில் தண்ணீர் இறங்கும் குழாய், மற்றதில் காற்றுப் போக ஜாடியின் அடிவரை நீண்ட கண்ணாடிக் குழாய். காற்றுக் குழாய் இல்லாவிட்டால் ஜாடி காலியாகக் காலியாகச் சொட்டு மந்தமாகிவிடும் என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளிப்பைத் திருகினார். நாளுக்குப் பத்து லிட்டர் இறங்க வேண்டும் என்றால் இரண்டு ஜாடியும் சேர்ந்து நிமிடத்துக்கு நூறு சொட்டு.

"காலராக்காரனுக்கு விடுற வேகம்" என்று சொல்லி அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

உள்ளே வருகிற அளவு வெளியே போக வேண்டுமே. அதற்கு அவர் தொட்டியிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயைத் தொங்கவிட்டுக் கீழே தரையில் வாளியை வைத்தார். நோயாளியின் சிறுநீர்ப் பையைக் கட்டிலுக்குக் கீழேதான் தொங்கவிடுவார்கள். முப்பது வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. டூட்டி முடிந்து சாயங்காலம் வந்து பார்த்தால், குழாய் நிற்காமல் இழுத்து, வாளி வழிந்து, கூடம் முழுக்கத் தண்ணீர். தொட்டியில் நாலு விரல்கடை ஆழம்தான் மிச்சம். அதில் பேத்தை வயிறு உப்பி, மல்லாந்து கிடந்தது. அவர் புடவையோடு தரையில் மண்டியிட்டு, செம்பு செம்பாகக் கடல் தண்ணீர் ஊற்றினார். வாய் அன், தெ, த்ருவா என்று எண்ணிக்கொண்டிருந்தது. எதை எண்ணினார் என்று தெரியவில்லை. கால்மணி நேரம் கழித்து மீன் காற்றை விட்டுச் சுருங்கி, ஒரு கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்தது.

"தப்பு என்னுதுதான். இவன் நோயாளி இல்ல. இவன் வீட்டுக்காரன்" என்றார்.

இரண்டாம் முறை, தொட்டிக்குப் பக்கத்தில் பலகை அடுக்கி, அதே உயரத்தில் ஒரு பாட்டிலை நிறுத்தினார். வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தொட்டியிலும் மறு முனையைப் பாட்டிலிலும் அமிழ்த்தினார். தொட்டியில் மட்டம் ஏறினால் பாட்டிலிலும் ஏறும். பாட்டிலின் வாய்தான் எல்லை. அதற்குமேல் ஏறுவது வழிந்து முற்றத்துச் சாக்கடைக்குப் போகும். எல்லைக்குக் கீழே ஒரு சொட்டும் இறங்காது.

மே மாதம் பத்து நாள் சோதனை. ஜாடியை மட்டும் நிரப்பலாம், வீட்டில் இருந்துகொண்டே தொட்டியைத் தொடக்கூடாது. காலை ஆறு மணிக்கு அவர் வாளியைத் தேடிப் போய், நினைவு வந்து, வெறும் கையோடு நிற்பார். பத்தாம் நாள் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஆனால் மிதவை ஆயிரத்து இருபத்தெட்டைக் காட்டியது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. ஒவ்வொரு ஜாடியிலும் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் கலப்பது என்று முடிவானது. அவ்வளவுதான். இனி அவர் போகலாம்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி வருகிறேன், ஆறு நாள் இருப்பேன் என்று எழுதச் சொன்னார். ஆஸ்பத்திரியில் லீவு கேட்டதும் எல்லோருக்கும் ஆச்சரியம். வார்டுக்காரர்கள் சேர்ந்து பேத்திக்கு ரோஜா நிறத்தில் ஒரு கவுன் தைத்துக் கொடுத்தார்கள். முத்தையன் இரண்டு ஜாடிகளுக்கும் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார். பூவாயி, "போயி மவன் வீட்டுல நல்லாச் சாப்புட்டு வாங்க. மாப்புளய நான் கண்ணடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

ஒன்பதாம் தேதி பதில் வந்தது. நான் படித்தேன்.

"அன்புள்ள அம்மாவுக்கு. இப்போது வர வேண்டாம். அவளுடைய அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். வீட்டில் இடம் போதாது. வெள்ளையடிக்கிற வேலை வேறு. நானே பிறகு எழுதுகிறேன். நீங்கள் வந்தாலும் அந்த மீனை யார் பார்த்துக்கொள்வார்கள்? அது பாவம் அல்லவா."

இயந்திரத்தைப் பற்றி நாங்கள் எழுதியிருந்தோம். படம்கூடப் போட்டிருந்தேன்.

"இன்னொருவாட்டி படி" என்றார். படித்தேன். கடைசி வரியில் நான் தயங்கியதை அவர் கவனித்தார். கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார்.

பன்னிரண்டாம் தேதி காலை அவர் பெட்டியோடு வாசலுக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை. வெள்ளைப் புடவை, கையில் பெட்டி. தெரு பார்க்க வாசலில் நின்று எதிர்வீட்டாரிடம், "ஆமா, காலை வண்டிக்கு" என்றார். அவர்கள் உள்ளே போனதும் திரும்பி வந்து பூட்டை என் கையில் கொடுத்தார்.

"வெளிய பூட்டிட்டு சாவிய நீயே வச்சுக்க."

"சிஸ்டர், என்னா இது?"

"கவுனு தச்சுக் குடுத்துருக்காங்க மேரி. அவங்ககிட்ட என்னான்னு சொல்லச் சொல்ற?"

பூட்டினேன். ஆறு நாள் அவர் தன் வீட்டுக்குள் இருந்தார். ஜன்னலைத் திறக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை. மாடியில் சமைத்து, பின்பக்கப் படியில் நான்தான் சோறு இறக்கினேன். கவுனைப் பார்சல் கட்டித் தபாலில் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தபோது கீழே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் பூசைக்குப் போகாத ஞாயிறு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நாலாம் நாள் பூவாயி வந்து பூட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா மாடிப்பொண்ணே! சிஸ்டரம்மா போயிட்டாங்களா? மாப்புள உசுரோட இருக்காரா?"

"இருக்கு. தண்ணி தானா மாறிக்குது."

"தானாவா? அடி ஆத்தி. அப்ப அந்தம்மா இல்லாமலே வீடு நடக்குதுன்னு சொல்லு." அவள் உரக்கச் சிரித்துவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றினாள். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டடி தூரத்தில் அவர் நின்றிருந்தார் என்று எனக்குத் தெரியும். அவள் போனதும் இறங்கிப் பார்த்தேன், கதவிடுக்கில் வெள்ளைப் புடவை தெரிந்தது.

ஆறாம் நாள் மாலை பூட்டைத் திறந்தேன். நாற்காலி தொட்டியிலிருந்து தள்ளி, சுவரோரம் கிடந்தது. தண்ணீர் கண்ணாடியைவிடத் தெளிவாக இருந்தது. பேத்தை நடுவில் மிதந்துகொண்டிருந்தது. மிதவை ஆயிரத்து இருபத்தைந்தில் நின்றது.

"ஒருவாட்டிகூட நான் தொடல. நல்லா வேல செய்யிது" என்றார். நான் பூட்டையும் சாவியையும் அவர் கையில் கொடுத்தேன். மறுநாள் வார்டில் எல்லோரிடமும் பேத்தி நன்றாக ஓடுகிறாள், கவுன் கச்சிதம் என்று சொன்னாராம்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் கடிதம் வந்தது. கவுன் சின்னதாகிவிட்டது, குழந்தை வளர்ந்துவிட்டாள் என்று இருந்தது. அதற்குக் கீழே வழக்கமான வரியும் இருந்தது. "இந்த லீவுக்காவது வாங்கம்மா. எத்தனை வருஷமாகக் கூப்பிடுகிறோம்."

நான் உள்நாட்டுக் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பரணில் ஜாடி நிறைந்திருந்தது. சொட்டு தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. ஜூனுக்குப் பிறகு அவர் அதை நிறுத்தவும் இல்லை, வாளியைத் தொடவும் இல்லை. இறாலை உரித்துக்கொண்டே சொன்னார்.

"எழுது. வரணும்னு ஆசதான். ஆனா மீன விட்டுட்டு வர முடியாதுன்னு எழுது. தெனமும் தண்ணி மாத்தணும், நான் இல்லாட்டி செத்துரும்னு எழுது."

எழுதினேன்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சிஸ்டர்."

"அவன் மனசு நெறஞ்சு படிப்பான்" என்று சொல்லி, ஓரத்தை ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுத்துக் கொடுத்தார்.